காத்திருப்போர் பட்டியலில் நான்காவது பெயர்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. "ஏனுங்க டீச்சர், பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்லதுங்களா, பிசிஏ நல்லதுங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். நான் டீச்சர் இல்லை. திருப்பூரில் ஒரு கலைக் கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, சேர்க்கைப் பிரிவு கண்காணிப்பாளராகப் போன வருடம் ஓய்வு பெற்றவள். ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

என் நாற்காலியில் இப்போது இருக்கும் சுமதி போன மாதம் கூப்பிட்டாள். இனி காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி தானாகவே போய்விடுமாம். போன் போட வேண்டியதில்லை, பதிவேடு எழுத வேண்டியதில்லை. "பழைய நடைமுறையெல்லாம் கல்லூரி மலருக்கு எழுதிக் குடுங்கக்கா, புதுசா வந்தவங்களுக்குத் தெரியட்டும்" என்றாள். சரி என்று உட்கார்ந்தேன். எழுதி முடித்த பிறகு இதை மலரில் போடுவார்களா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டென்சில் வெட்டினேன், விண்ணப்பங்களைச் சாதிவாரியாகக் கட்டினேன், மதிப்பெண்ணைக் கூட்டி இறங்குவரிசையில் எழுதினேன். அப்போது எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் என்றால் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒன்றுதான். பிறகு பிசிஏ வந்தது. அப்புறம் ஐ.டி., கம்ப்யூட்டர் டெக்னாலஜி, பி.காம். சி.ஏ., டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு, சைபர் செக்யூரிட்டி என்று வரிசை நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு பெயருக்கும் புதிதாக விண்ணப்பப் படிவம் அடித்தவள் நான். லேப் என்னவோ அதே மாடியில் அதே லேப்தான். முதல் வருடப் பாடத்தாளில் பாதி எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். இதையெல்லாம் கேட்பவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பெயர் நீளமாக இருந்தால் படிப்பும் பெரிதாக இருக்கும் என்று நம்புகிறவர்களிடம் எதைச் சொல்வது?

என் வேலையின் நடுப்பகுதியில் எங்களுக்கு முதல்வராக வந்தவர் அருளானந்தம் சார். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனி எதற்குள்ளும் அவர் காலெடுத்து வைத்ததில்லை. கடைநிலை ஊழியரைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். நாங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு பதிவேட்டையும் மேசையில் விரித்து, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பார். எங்காவது ஒரு எழுத்தின் மேல் இன்னொரு எழுத்து திருத்தி எழுதியிருந்தால் ஸ்கேல் நின்றுவிடும். "இந்தப் பக்கத்த மட்டும் மறுபடி எழுதிடுங்க மேடம். சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்பார். திட்டியிருந்தால் தேவலை. அந்த மரியாதையில் நமக்குக் காதெல்லாம் சூடாகிவிடும்.

மங்கலத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் மகனைச் சேர்க்க வந்ததை இன்றும் நினைத்துக்கொள்வேன். கவுன்சிலிங் மேசை முன்னால் உட்கார்ந்ததும் மகனை விட்டுவிட்டு அவரே பேசினார்.

"இருக்கறதுலயே கடைசியா வந்த கோர்ஸ் எதுங்க?"

"டேட்டா சயின்ஸுங்க" என்றேன்.

"அதையே போட்டுருங்க. தறி வாங்கறப்பவும் நான் புது மாடல்தானுங்க வாங்குவேன்."

முதல்வர் நிமிர்ந்து பார்த்தார். "புது மாடல் தறிக்கு மெக்கானிக் உடனே கிடைச்சாருங்களா?"

அவர் வெள்ளந்தியாகச் சிரித்தார். "எங்கீங்க சார். ஆறு மாசம் சும்மாதான் கெடந்துச்சு."

"எங்களுக்கும் இதுக்கு இன்னும் ஆசிரியர் கிடைக்கலீங்க."

விசைத்தறிக்காரர் மகனைப் பார்த்தார். மகன் முதல் முறையாக வாயைத் திறந்து, "பிசிஏ போதுங்க சார்" என்றான். அதையே எழுதினேன்.

இப்படிப்பட்டவர்தான் அழைப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் முதல் நாளே நிரம்பிவிடும். ஆனால் சேர்ந்தவர்களில் சிலர் இன்ஜினியரிங் கவுன்சிலிங் முடிந்ததும் டி.சி.யை வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். அப்படிக் காலியாகும் நான்கைந்து இடத்துக்குத்தான் அடிபிடி. அவர் வருவதற்கு முன்னால், யார் சிபாரிசுக் கடிதத்தோடு வராந்தாவில் நிற்கிறார்களோ அவர்களுக்கே அது போய்க்கொண்டிருந்தது. பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தகவலே தெரியாது.

அருளானந்தம் சார் அதை ஒரே நாளில் நிறுத்தினார். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் வரிசைப்படி அலுவலகத் தொலைபேசியிலிருந்து கூப்பிட வேண்டும். ஒருவரை மூன்று முறை. பதினொரு மணிக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று, நாலேகாலுக்கு ஒன்று. ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம், கிடைத்த பதில், என் கையெழுத்து. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் மறுநாள் காலை பத்து மணிக்கு அடுத்த பெயர். கடைசியில் அவருடைய பச்சை மைக் கையெழுத்து. எம்.எல்.ஏ. ஆபீசிலிருந்து ஆள் வந்தாலும் அந்தப் பதிவேட்டைத்தான் திருப்பிக் காட்டுவார். நேர்மையான ஏற்பாடு. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

இசக்கியம்மாள் எங்களிடம் வந்தது அந்த ஏற்பாடு வந்து நாலைந்து வருடம் கழித்து. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருப்பூர் மண்ணரைப் பகுதியில் லைன் வீட்டில் இருக்கும் குடும்பம். அப்பா பேச்சிமுத்து ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கவுன்சிலிங்குக்கு அரை ஷிப்ட் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. அந்தப் பெண்ணின் முறை வருவதற்கு மூன்று பேருக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிந்துவிட்டது. பிசிஏவும் இல்லை. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷனில் மட்டும் இடம் இருந்தது.

"எடுத்துக்க தாயி. பனியன் கம்பெனிக்குத் தோதான படிப்புல்லா" என்றார் அப்பா.

"அதுக்குத்தான்பா வேண்டாங்கேன். நீங்க அயர்ன், அம்மா செக்கிங், அண்ணன் ஓவர்லாக் தையல் மெசினு. நானும் துணியைத்தான் தொடணுமா?"

முதல்வர், "கம்ப்யூட்டர்ல உங்களுக்கு என்னங்க பிடிக்கும்?" என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் நல்ல வேலை கிடைக்கும் என்றுதான் சொல்வார்கள். இவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எங்கம்மா துணியில எங்க ஓட்டைன்னு தேடுவாவ சார். நான் புரோகிராம்ல எங்க தப்புன்னு தேடுவேன். கண்டுபிடிச்சிட்டா அன்னைக்குப் பூரா சந்தோசமா இருக்கும்."

முதல்வர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. காஸ்ட்யூம் டிசைனில் சேர்ந்துகொண்டு கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் காத்திருக்கலாம் என்று எடுத்துச் சொன்னார். அவளும் சம்மதித்தாள். பட்டியலில் அவள் நான்காவது பெயர். போகும்போது என் மேசைக்கு வந்தாள்.

"கண்டிப்பா கூப்பிடுவீங்கள்ல மேடம்?"

"வரிசை வந்தா கூப்பிடாம இருப்போமா கண்ணு."

படிவத்தில் தொலைபேசி எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. நான் அடித்த படிவம். அதில் அவள் அப்பாவின் எண்ணை எழுதியிருந்தாள். வீட்டில் இருந்ததே அந்த ஒரு போன்தான்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் முடிந்தது. அந்த வருடம் சரியாக நான்கு இடம் காலியானது. முதல் மூன்று பேரும் முதல் அழைப்பிலேயே எடுத்துவிட்டார்கள். நான்காவது பெயருக்குப் பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டரைக்கும் அப்படியே. நாலேகாலுக்கு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

தெரியாமல் இருக்க வழியே இல்லை. என் வீட்டுக்காரர் வேறொரு பனியன் கம்பெனியில் டைம் கீப்பர். காலை எட்டரைக்கு ஆட்கள் உள்ளே போகும்போது கேட்டில் நின்று எல்லாருடைய போனையும் வாங்கி, டோக்கன் எண் போட்ட மரப்பெட்டியில் அடுக்கி வைப்பதும் அவர் வேலைதான். தையல் லைனில் போன் பேசினால் உற்பத்தி குறைகிறது என்று முதலாளிகள் கண்டுபிடித்த ஏற்பாடு. ஷிப்ட் முடிந்து இரவு எட்டு, எட்டரைக்குத்தான் போன் கைக்கு வரும். "பகல் முச்சூடும் பொட்டிக்குள்ள அடிச்சுட்டே கெடக்குது. யாரு பெத்த தாய்க்கு என்னாச்சோன்னு நெஞ்சு பதறுது" என்று வீட்டுக்கு வந்து சொல்வார். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நானும் உச்சுக் கொட்டியிருக்கிறேன்.

நாலேகாலுக்குப் 'பதில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரவு எட்டு மணிக்கு மேல் என் கைப்பேசியிலிருந்து ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றத்தான் செய்தது. எண்ணைத் துண்டுச்சீட்டில்கூடக் குறித்துக்கொண்டேன். அது இரண்டு வாரமாகச் சேர்க்கை வேலை நடந்துகொண்டிருந்த நேரம். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கால் இரண்டும் வீங்கியிருந்தன. சமைத்தேன், சாப்பிட்டோம், படுத்துவிட்டேன். பைக்குள் இருந்த சீட்டை எடுக்கவே இல்லை. இதற்கு மேல் இதில் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு ஐந்தாவது பெயரைக் கூப்பிட்டேன். நூல் கடைக்காரர் மகன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பக்கத்துத் தெருவில்தான் வீடு என்பதால் பத்தரைக்குள் வந்து சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பதினொன்றரைக்கு இசக்கியம்மாள் வந்தாள். முகமெல்லாம் பஞ்சுத் தூசி. கல்லூரி திறக்கும்வரை அவளும் அப்பா வேலை செய்யும் கம்பெனியில், தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி வெளியே வர இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

முதல்வர் அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பதிவேட்டை வாங்கினார். ஸ்கேல் மூன்று வரியில் நகர்ந்தது.

"மூணு தடவையும் நீங்கதான் கூப்பிட்டீங்களா மேடம்?"

"ஆமாங்க சார்."

"பகல்ல கூப்பிட்டா எங்கப்பா எப்படி சார் எடுப்பாவ?" என்றாள் அவள். "கேட்லயே போனை வாங்கி வச்சிருவாங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வாங்குனப்பதான் மிஸ்டு கால் கெடந்ததப் பாத்தாவ. திருப்பூர்ல இது எல்லாருக்கும் தெரியுமே சார்."

முதல்வருக்குத் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா மேடம்?"

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. தக்க காரணம் இருந்தால் ஒரு கூடுதல் இடம் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் வழி அவருக்கு உண்டு. அந்த வருடமே ஒரு மாணவனுக்காக எழுதியிருந்தார். நான் "ஆமாங்க சார், எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தானுங்க" என்று சொல்லியிருந்தால் அப்போதே பேனாவை எடுத்திருப்பார். ஆனால் உடனே அடுத்த கேள்வி வந்திருக்கும். தெரிந்துமா மூன்று முறையும் பகலிலேயே கூப்பிட்டீர்கள், தெரிந்துமா இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தீர்கள் என்று அந்த மரியாதையான குரலில் கேட்டிருப்பார். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

"ஏதோ சில கம்பெனியில அப்படி இருக்கலாமுங்க சார்" என்றேன்.

அவர் பதிவேட்டை மூடினார். "உங்க மேல தப்பு இல்லீங்கம்மா. அலுவலகத்து மேலயும் இல்லீங்க. விதிய ஒருத்தருக்காக மாத்தினா நாளைக்குச் சிபாரிசுக் கடிதத்தோட வர்றவருக்கும் மாத்தணும்" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வருடமும் அவள் காஸ்ட்யூம் டிசைனில்தான் படித்தாள். வராந்தாவில் எதிரே வந்தால் "வணக்கம் மேடம்" என்பாள். நான் கையிலிருக்கும் கோப்பைப் பார்த்தபடி தலையாட்டிவிட்டு நடப்பேன். அடுத்த வருடப் படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தேன். 'இரண்டாவது எண், எந்த நேரத்தில் பேசலாம்.' மூன்றாவது அழைப்பை இரவு எட்டு மணிக்கு மேல் போடவும் அனுமதி கேட்டேன். "எதனால இந்த மாற்றமுங்க?" என்றார் முதல்வர். "ஒரு வசதிக்குத்தானுங்க சார்" என்றேன். ஸ்கேல் வைத்துப் படித்துவிட்டுப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். சில வருடங்களில் ஓய்வு பெற்று ஊருக்கும் போய்விட்டார். என் பணி நிறைவு விழாவில் பேசியவர்கள் ஒருவர் விடாமல் அந்தக் கட்டத்தைத்தான் புகழ்ந்தார்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளின் கஷ்டம் அறிந்தவராம் நான். பொன்னாடைக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

அவ்வளவோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். இந்த வருடம் பிளஸ் டூ முடிவு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இசக்கியம்மாள்தான். ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறாளாம். பின்னால் தங்கை மகாலட்சுமி.

"கம்ப்யூட்டர் சயின்ஸா, செயற்கை நுண்ணறிவான்னு இவளுக்கு ஒரே குழப்பம் மேடம். வெவரம் தெரிஞ்சவங்க வேற யாரும் எங்களுக்கு இல்ல. அதான் வந்தோம்."

உட்கார வைத்தேன். எல்லாரிடமும் சொல்வதையே சொன்னேன். பெயரைப் பார்க்காதே. மூன்று வருடத்துப் பாடத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப் என்று கேள். அந்தப் பாடத்தை எடுக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று கேள். முந்தைய வருடம் முடித்த ஒரு பிள்ளையைப் பிடித்து, என்ன தெரியும் என்று விசாரி. அடிப்படை கெட்டியாக வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் சயின்ஸே எடு, மற்றதை மேலே படித்துக்கொள்ளலாம். தங்கை எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் ஓர் ஆசை இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் மறைத்து வைக்க முடியவில்லை.

தங்கை தண்ணீர் எடுத்து வர உள்ளே போனபோது சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு சார் எங்கிட்டக் கேட்டப்ப எனக்குத் தெரியும் கண்ணு. கேட்ல போன் வாங்கி வைக்கறது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் மழுப்புனேன்."

"தெரியும் மேடம்" என்றாள். கோபம் இல்லை. "அன்னைக்கே உங்க மூஞ்சியில தெரிஞ்சுது. ஏன்னு மட்டுந்தான் வெளங்கல. எங்க மேல உங்களுக்கு என்ன கோவம் இருக்கப்போவுது?"

"கோவமெல்லாம் இல்ல சாமி. முந்தின நாள் ராத்திரியே ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாம். நம்பரக்கூடக் குறிச்சு வெச்சிருந்தேன். களைப்பா இருந்துச்சு, படுத்துட்டேன். அத மறைக்கத்தான்."

அவள் ஸ்கூட்டிச் சாவியைக் கையில் எடுத்தாள்.

"அன்னைக்கு எங்கப்பாவுக்கு ஒன்றரை ஷிப்ட் மேடம். பன்னெண்டு மணி நேரம் நின்னு தேச்சிட்டு வந்தாவ. மிஸ்டு கால் காலேஜ் நம்பர்னு நான் சொன்னதும் உக்காரக்கூட இல்ல. ஒம்பது தடவ திருப்பித் திருப்பி அடிச்சாவ. ஆபீஸ் பூட்டியிருக்கும்ப்பான்னு சொன்னேன். யாராவது எடுப்பாவ தாயின்னு சொல்லிட்டு மறுபடியும் அடிச்சாவ."

தங்கை வந்து சொம்பை நீட்டினாள். இசக்கியம்மாள் முழுவதையும் குடித்துவிட்டு, "வாரோம் மேடம்" என்று சொல்லிக் கிளம்பினாள்.